படரும் தைம்: பெங்களூரில் செய்யக்கூடாத தவறுகள்

தரையை மூடிப் படரும் வாசனைச் செடியான தைம் (thyme) பெங்களூரில் வளருமா என்று கேட்டால், நன்றாகவே வளரும். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிற ஊர் இது. இங்கே இந்தச் செடியைக் கொல்வது வெயில் இல்லை, ஈரம்தான். ஐரோப்பாவின் வறண்ட சரிவுகளிலும் கல் இடுக்குகளிலும் வளர்ந்து பழகிய செடி இது. துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் ஊற்றினால் தாங்காது.

அல்சூரில் என் வீட்டு கேட்டுக்கும் படிக்கும் நடுவே நாலுக்கு ஆறு அடி மண் இருக்கிறது. முதல் தடவை ஜூனில் நட்டேன், மழையில் தானாகவே வேர் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். ஆகஸ்ட் வரை பச்சையாகத்தான் இருந்தது. செப்டம்பர், அக்டோபர் மழைதான் இந்த ஊரில் பலமான மழை. அதில் நடுப்பகுதி பழுப்பானது. காய்கிறதே என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டேன். ஒரு தண்டை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேரின் தோல் கறுத்து, விரலில் வழுக்கிக்கொண்டு உரிந்தது. மண்ணில் சாக்கடை வாடை.

வேர் அழுகினாலும் இலை காய்ந்த மாதிரிதான் தெரியும். அதனால் வாடுகிறது என்று தோன்றியதும் குழாயைத் திறக்காதீர்கள். இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா, "தண்ணி ஊத்திட்டேதாம்மா இருக்கேன், அப்பவும் வாடுது" என்று வருத்தப்பட்டார். அவர் தொட்டியின் அடி ஓட்டையே அடைத்துக் கிடந்தது.

நடுவதற்கு நவம்பர் கடைசி சரியான நேரம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், அடுத்த பெருமழைக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும்.

அடுத்த தவறு மண்ணில். செம்மண், தேங்காய் நார்த்தூள், தொழு உரம் என்று நர்சரியில் கலந்து தரும் மண் ரோஜாவுக்கு நல்லது, தைமுக்கு ஆகாது. நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உரம் கூடினால் தண்டு நெட்டையாக வளர்ந்து சாயும், பூ குறையும். நான் இப்போது பாதி செம்மண், பாதி கரடான எம்-சாண்ட் போடுகிறேன். பூச்சு வேலைக்கு வரும் நைசான மணல் வேண்டாம், அது இறுகிவிடும். கரடான மணலையும் இரண்டு தடவை அலசித் தூளைப் போக்கிவிட்டுக் கலக்கவும். பாத்தியை நாலு அங்குலம் உயர்த்தி, செடியைச் சுற்றிச் சின்ன ஜல்லியைப் பரப்பினால் இலை ஈர மண்ணில் படாது. இந்த ஒரு வேலைதான் என் இரண்டாவது பாத்தியைக் காப்பாற்றியது.

செடி வாங்கும்போதும் கவனம் வேண்டும். சமையலுக்கான தைம் ஒரு அடி உயரம் வரை புதராக நிமிர்ந்து வளரும், தரையை மூடாது. படரும் வகை மூன்று நாலு அங்குலம்தான் எழும்பும். மண்ணைத் தொடும் கணுக்களில் மெல்லிய வேர் விட்டிருக்கிறதா என்று கிளையைத் தூக்கிப் பாருங்கள். இலையைக் கசக்கினால் ஓம வாசனை வரும். ஓமத்தில் இருக்கும் தைமால் (thymol) என்ற வாசனைப் பொருள்தான் இதிலும் இருக்கிறது.

விதை போடுகிறவர்கள் மண்ணால் மூடிவிடுகிறார்கள். தூள் போன்ற விதை அது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். செடியாக நட்டால் 25 சென்டிமீட்டர் இடைவெளி. என் பாத்திக்கு 35 செடி பிடித்தது. சீக்கிரம் மூடட்டும் என்று நெருக்கி நடாதீர்கள், காற்றோட்டம் போய்விடும். முதல் வருஷம் இடைவெளியில் கோரை முளைக்கும். நடுவதற்கு முன்பே கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். தைம் படர்ந்தபிறகு கோரையைப் பிடுங்கினால் தைமும் சேர்ந்து வரும்.

ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் பூவை எதிர்பார்க்க வேண்டாம். டிசம்பரில் வெயில் விழுகிற மூலையில் ஜூனிலும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். புல்தரை மாதிரி நினைத்துப் பிள்ளைகளை விளையாட விடவும் முடியாது. எப்போதாவது ஒரு மிதி தாங்கும், அவ்வளவுதான். தினமும் நடக்கிற இடத்தில் கடப்பைக்கல் பதித்து, இடுக்கில் தைம் நடலாம்.

அப்புறம் கத்தரிப்பு. பூ முடிந்ததும் மேலே மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள், பச்சை இருக்கிற இடம்வரை மட்டும். பழுப்பான கட்டைத் தண்டில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. பூ இருக்கும்போது காலையில் தேனீக்கள் மொய்க்கும். அவை ஓயும்வரை கத்தரியை எடுக்காதீர்கள்.