விரல் நுனி ரத்த ஓட்டத்தை ஒளி சென்சாரில் பார்ப்பது எப்படி?

ஊசி குத்தாமல், தோல் மேல் சென்சாரை வைத்தே விரலுக்குள் ரத்தம் வந்து போவதைத் திரையில் பார்க்கலாம். ஆனால் இந்த முறை நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்குச் சொல்லாது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் விரலில் ரத்தம் கொஞ்சம் கூடும், கூடிய ரத்தம் கூடுதல் ஒளியை விழுங்கும், சென்சாருக்குத் திரும்பும் ஒளி அந்த அளவுக்குக் குறையும். நாம் அளப்பது இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும்தான்.

1. இணைப்பு

ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒன்று, மேக்ஸ்30102 சென்சார் மாட்யூல் (விரலுக்குள் ஒளியை விட்டு, திரும்புவதை அளப்பது) ஒன்று, நாலு வயர். மாட்யூலில் எஸ்டிஏ (தரவு வரும் கால்) ஊனோவின் ஏ4-க்கு, எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்புக்கான கால்) ஏ5-க்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. பவர் மட்டும் உங்கள் மாட்யூல் எந்த வோல்டேஜ் கேட்கிறதோ அதற்கு. எல்லாம் சரியாக இருந்தும், புரோகிராமை ஓட்டும்போது சென்சார் கிடைக்கவில்லை என்றே வந்தால் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகாதீர்கள். சில மாட்யூல்களில் புல்-அப் ரெசிஸ்டர்களை (எஸ்டிஏ, எஸ்சிஎல் வயர்களின் வோல்டேஜை மேலே தூக்கி வைப்பவை) 1.8 வோல்ட்டில் கட்டியிருப்பார்கள், ஊனோவுக்கு அது போதாது.

2. புரோகிராம்

ஆர்டுயினோ மென்பொருளின் லைப்ரரி மேனேஜரில் ஸ்பார்க்ஃபன் மேக்ஸ்3010எக்ஸ் லைப்ரரியை நிறுவி, அதிலேயே இருக்கும் இதயத் துடிப்பு எடுத்துக்காட்டு ஒன்றைத் திறந்து, அகச்சிவப்பு அளவை மட்டும் அச்சிட வைத்து, சீரியல் பிளாட்டரில் (வரும் எண்களைக் கோடாக வரைந்து காட்டும் திரை) பாருங்கள். நொடிக்கு 100 அளவீடு, 8-க்கு ஒரு சராசரி என்று அமைத்திருந்தால் கைக்கு வருவது 12.5 தான், அலையின் வடிவம் மழுங்கிவிடும். அளவீட்டை 400, சராசரியை 4 என்று மாற்றினால் நொடிக்கு 100 கிடைக்கும்.

3. விரல்

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. அழுத்தினால் நன்றாகப் படும் என்று எல்லோருக்கும் தோன்றும், ஆனால் அழுத்தினால் நுண்குழாய்களில் இருக்கும் ரத்தம் ஒதுங்கிவிடும், அலை தட்டையாகிவிடும். நகத்தைப் பாருங்கள்: வெளுத்துப் போனால் அழுத்தம் அதிகம், நிறம் மாறாமல் இருந்தால் சரி. கையை மேசையில் சாய்த்து, விரலின் எடை மட்டும் சென்சார் மேல் இருக்கும்படி விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு துணிப்பட்டையால் லேசாகக் கட்டுங்கள். விரல் சில்லென்று இருந்தால் முதலில் கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். மேலே ஒரு கறுப்புத் துணியும் போடுங்கள், அறை விளக்கின் ஒளி உள்ளே கசியாது.

4. அலையைப் படிப்பது

திரையில் வருவது தலைகீழாக இருக்கும். ரத்தம் வரும்போது ஒளி குறைவதால் துடிப்பு பள்ளமாகத் தெரிகிறது. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் நிமிர்ந்துவிடும். அளவு சென்சாரின் உச்ச எண்ணான 262143-லேயே நின்றுவிட்டால் ஒளி அதிகம் என்று அர்த்தம், எல்இடி வெளிச்சத்தைக் குறையுங்கள்.

அப்புறம், துடிப்பின் உயரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வெளிச்சத்தை மாற்றினால் உயரமும் மாறும். அந்த உயரத்தை அடித்தள அளவால் (துடிப்பு ஏறி இறங்கும் அந்த எண்ணின் சராசரி) வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அடித்தளம் 1,00,000, உயரம் 1,200 என்றால் 1.2 சதவீதம். ஆக்ஸிமீட்டரில் பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ் என்று காட்டுவது இந்த வகை விகிதம்தான். இதை அதே விரல், அதே அழுத்தத்தில் எடுத்த இன்னொரு அளவோடுதான் ஒப்பிடலாம். பக்கத்தில் இருப்பவர் விரலோடு ஒப்பிட்டு அவருக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று சொல்வதெல்லாம் வேண்டாம், மருத்துவப் பரிசோதனைக்கும் இது ஆகாது.

5. ஒரு சோதனை

ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள், அலை சீராகட்டும். பிறகு சட்டென்று ஆழமாக மூச்சை இழுத்து அப்படியே பிடியுங்கள். சில நொடிகளில் துடிப்பின் உயரம் குறுகி, மெல்லத் திரும்பி வளரும். நரம்பு மண்டலம் விரல் நுனியின் சிறு தமனிகளைச் சுருக்குவதால் வரும் மாற்றம் இது. எதுவுமே மாறவில்லை என்றால், புரோகிராமைத் திருத்துவதற்கு முன்னால் இன்னொரு முறை நகத்தைப் பாருங்கள்.