சீசரின் போர்க்குறிப்புகளைத் தணிக்கைக் கண்ணோடு படிப்பது எப்படி

ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் கல்லியாவை, அதாவது இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பகுதியை, பிடித்த கதையை அவரே எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 58 முதல் 52 வரை, ஆண்டுக்கொரு நூலாக ஏழு நூல்கள். எட்டாவதை அவருடைய உதவியாளர் ஹிர்ட்டியுஸ் பின்னால் எழுதிச் சேர்த்தார். கணக்குத் தணிக்கையிலேயே காலம் தள்ளியவன் நான். வேலையைச் செய்தவரே எழுதிக் கொடுக்கும் அறிக்கையை அப்படியே நம்பிப் பழக்கமில்லை. சீசரையும் அப்படித்தான் படிக்கிறேன்.

முதல் நூலில் தொடங்காதீர்கள். இனக்குழுப் பெயர்கள் வரிசையாக வந்து ஆளைத் துரத்திவிடும். ஏழாவதை எடுங்கள். கல்லியர்களை ஒன்றுதிரட்டிய வெர்சிங்கெடோரிக்ஸ் அதில்தான் வருகிறார், கதை ஓடும். பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கட்டும். இன்றைய பிரான்ஸும் பெல்ஜியமும் ரைன் ஆறும் தெரிந்தால் போதும்.

அடுத்து, யாருக்காக எழுதியது என்று பாருங்கள். 2, 4, 7 ஆகிய நூல்களின் கடைசி வரிகளைப் படித்தாலே புரிந்துவிடும். ரோமில் தெய்வங்களுக்கு நன்றி விழா அறிவித்த செய்தியோடுதான் மூன்றும் முடிகின்றன: முதலில் 15 நாள், மற்ற இரண்டுக்கும் 20 நாள். அறிக்கை போய்ச் சேர்ந்த இடமும் அதற்குக் கிடைத்த பலனும் அங்கேயே இருக்கின்றன.

சீசர் தன்னைப் படர்க்கையில்தான் சொல்லிக்கொள்வார். 'சீசர் விற்றார்' என்று வரும் இடத்தில் 'நான் விற்றேன்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். இரண்டாம் நூலில் அடுவாட்டுகி மக்கள் சரணடைகிறார்கள், அன்றிரவே திரும்பத் தாக்குகிறார்கள், மறுநாள் ஊரோடு விற்கப்படுகிறார்கள். வாங்கியவர்கள் சொன்ன தலைக்கணக்கு 53,000. 'நான்' என்று படித்தால் அந்த வரியைச் சுலபமாகத் தாண்ட முடியாது.

எண்களுக்கு வருவோம், என் தொழில் இதுதான். ஒரு எண் வந்தால் அதே ஆள் பின்னால் என்ன எழுதுகிறார் என்று தேடுங்கள். கி.மு. 57இல் நெர்வி மக்களைத் தோற்கடித்ததும், அவர்களுடைய 600 மூப்பர்களில் 3 பேரும், ஆயுதம் ஏந்தக்கூடிய 60,000 பேரில் 500 பேரும்தான் மிஞ்சினார்கள் என்கிறார். சரி. ஐந்தாம் நூலில், கி.மு. 54இல், அதே நெர்விகள் மற்றவர்களோடு சேர்ந்து சீசரின் துணைத்தளபதி குவின்டுஸ் சிசரோவின் முகாமை முற்றுகையிடுகிறார்கள். இந்த முரண்பாட்டைக் காட்டிக்கொடுப்பதும் சீசரின் பேனாதான். 500 என்ற எண்ணையும் தானே சொன்னதாக எழுதாமல், சரணடைய வந்த மூப்பர்கள் வாயில் வைத்துவிடுகிறார். கெட்டிக்காரர்.

தோல்வி வரும் இடங்களை இரண்டு முறை படியுங்கள். கல்லியர்களின் மலைக்கோட்டையான கெர்கோவியாவில் ஏறக்குறைய 700 வீரர்களும் 46 நூற்றுவர் தலைவர்களும் இறந்தார்கள். காரணம்? பின்வாங்கும் கொம்பொலி சிலருக்குக் கேட்கவில்லையாம், கொள்ளை ஆசையில் முன்னேறிவிட்டார்களாம். மறுநாள் தளபதி வீரர்களைக் கூட்டித் திட்டுகிறார். தாக்குதலுக்குத் திட்டம் போட்டவர் யார் என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எழவே இல்லை.

அதற்காக எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெர்சிங்கெடோரிக்ஸ் அடைந்துகிடந்த அலேசியா ஊரின் முற்றுகையில், ஊரை அடைக்கும் உள்வளையம் 11 ரோமானிய மைல், வெளியிலிருந்து வரும் உதவிப் படையைத் தடுக்கும் வெளிவளையம் 14 மைல் என்கிறார். 1860களிலும் 1990களிலும் அங்கே தோண்டிப் பார்த்தபோது அகழிகளும் காவல் அரண்களும் கிடைத்தன. நுணுக்கத்தில் சில இடங்களில் எழுத்தும் மண்ணும் ஒத்துப்போவதில்லை. ஆனால் வேலை நடந்தது உண்மை. கட்டுமானம் பற்றி எழுதும்போது சீசரை ஓரளவு நம்பலாம் என்பது என் கணக்கு. அதே முற்றுகையில் அந்த ஊர்க்காரர்களான மாண்டுபி மக்களை, பெண்கள் குழந்தைகளோடு, கல்லியர்களே ஊரைவிட்டு வெளியேற்றுகிறார்கள். அடிமைகளாகவாவது ஏற்றுக்கொள்ளச் சொல்லி ரோமானியர்களிடம் அழுகிறார்கள். சீசர் காவல் போட்டுத் தடுக்கிறார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பக்க ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஏழாவதை முடித்தபின் முதல் நூலிலிருந்து வரிசையாகப் போகலாம். ஆறாம் நூலில், காலில் மூட்டே இல்லாததால் மரத்தில் சாய்ந்து தூங்கும் மான் வகை ஒன்று வரும். சிரித்துவிட்டு நகருங்கள். எட்டாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கல்லியர்களின் உக்செல்லோடுனும் கோட்டையில் ஆயுதம் ஏந்தியவர்களின் கைகளைச் சீசர் வெட்டச் சொன்னது அதில்தான் இருக்கிறது. அதை எழுதியவர் ஹிர்ட்டியுஸ்.