கண்ணாடி மாதிரி பிரிண்ட்: வீட்டில் பார்க்கும் படத்தின் தரத்தை நீங்களே எடைபோடுவது எப்படி?

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சட்டை, செருப்பு, சார்ஜர் குவியல்களுக்கு நடுவே இன்னும் எங்காவது ஒரு டிவிடி பெட்டி கண்ணில் படும். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போகும் எனக்கு அதைக் கிளறாமல் திரும்ப முடியாது. "பிரிண்ட் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டால், "கண்ணாடி மாதிரி இருக்கும் சார்" என்பார்கள். இருபது வருடமாக இதே பதில்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, போட்டுப் பார்க்க அங்கே டிவியா இருக்கிறது?

அந்தக் கேள்விக்கான பதிலை வீட்டில் உட்கார்ந்து நீங்களே கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தப் பதிவு. டிவிடி, ப்ளூரே மட்டுமில்லை, ஓடிடியில் பார்ப்பதற்கும் யூடியூபில் 4கே என்று ஏற்றிவைத்திருப்பதற்கும் இதே சோதனைகள் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பளிச்சென்று இருப்பது வேறு, நல்ல பிரிண்ட் வேறு. தியேட்டரில் ஓடிய படத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அளவுகோல். இருட்டாக எடுத்த காட்சி இருட்டாகத்தான் தெரிய வேண்டும்.

முதல் படி: டிவியைச் சரிசெய்யுங்கள்

டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன்னால் டிவியைப் பாருங்கள். கடையில் நூறு விளக்குகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக 'விவிட்' என்றொரு நிலை வைத்திருப்பார்கள். பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து அதுவேதான் ஓடுகிறது. அதை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' நிலைக்கு மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மஞ்சளாக, மங்கலாகத் தோன்றும். அப்புறம் கண் பழகிவிடும்.

'ஷார்ப்னெஸ்' அளவைக் குறையுங்கள். பல டிவிகளில் பூஜ்யமோ அதையொட்டிய எண்ணோதான் சரி. 'மோஷன்' என்ற பெயரில் தொடங்கும் அமைப்பு எது இருந்தாலும் நிறுத்துங்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் என்று எடுத்த சினிமாவின் நடுவே டிவி தானாகக் கற்பனை ஃபிரேம்களைச் செருகும் வேலை அது. "என்னடா, படம் சீரியல் மாதிரி தெரியுது" என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் காரணம் இதுதான்.

கடைசியாக, படத்தின் ஓரங்களை வெட்டி லேசாகப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் டிவிக்கு உண்டு. அதை நிறுத்தும் அமைப்புக்கு 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று அந்தந்த டிவியில் ஒரு பெயர் இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: படச்சட்டத்தின் வடிவம்

எங்கள் அப்பாவுக்கும் எனக்கும் பத்து வருடமாக நடக்கும் சண்டை இது. "முழு டிவிக்கும் காசு குடுத்துதானே வாங்கினோம்? மேலயும் கீழயும் கறுப்பா விட்டா என்ன அர்த்தம்?" என்பார். நான் தூங்கப் போனதும் ஜூம் போட்டுவிடுவார்.

அந்தக் கறுப்புப் பட்டைகள் குறை இல்லை. 1973-ல் வந்த ராஜராஜ சோழன்தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த அகலத் திரையின் அளவு ஏறக்குறைய 2.39-க்கு 1. உங்கள் டிவியோ 16-க்கு 9, அதாவது 1.78-க்கு 1. அகலமான படத்தை அதற்குள் முழுதாக வைத்தால், ஃபுல் எச்டி டிவியின் 1080 வரியில் 800 சொச்சத்தில்தான் படம் இருக்கும், மீதி கறுப்பு. சினிமாஸ்கோப் படம் பட்டையே இல்லாமல் டிவியை நிறைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்துக் கால்வாசிப் படம் போய்விட்டது என்று பொருள்.

சந்தேகமாக இருந்தால் டைட்டில் எழுத்துகளைப் பாருங்கள். பெயர்களின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ ஓரத்தில் காணாமல் போயிருந்தால் வெட்டிவிட்டார்கள். டைட்டிலை மட்டும் முழுதாகக் காட்டிவிட்டுப் பிறகு வெட்டும் கெட்டிக்காரர்களும் உண்டு. அதற்குக் குழு நடனம்தான் மருந்து. ஓரத்தில் ஆடுபவருக்கு ஒரு கை மட்டும் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் தவறு வேறு திசையில் நடக்கும். அவை 1.37-க்கு 1, சதுரத்துக்குப் பக்கத்தில். அதனால் பட்டை இடமும் வலமும் வர வேண்டும். அதை இழுத்து நீட்டி நிரப்பினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். மாட்டுவண்டிச் சக்கரம், நிலா, நாயகியின் நெற்றிப் பொட்டு, இதில் ஏதாவது ஒன்று வட்டமாக இருக்கிறதா பாருங்கள். நீட்டாமல் மேலும் கீழும் வெட்டியிருந்தால் பரதநாட்டியக் காட்சியில் பாதம் தெரியாது. பாதம் தெரியாத பரதத்தை என்னவென்று பார்ப்பது?

மூன்றாம் படி: சென்சார் சான்றிதழில் நிறுத்துங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவும் கிடையாது. படம் தொடங்கும்போது வரும் தணிக்கைச் சான்றிதழை நாம் யாருமே படிப்பதில்லை. பிலிமில் வந்த படங்களுக்கு அதில் நீளம் மீட்டரில் போட்டிருக்கும், எத்தனை ரீல் என்றும் இருக்கும். அங்கே நிறுத்தி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

35 எம்எம் பிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு 27.43 மீட்டர் செலவாகிறது. ஆக, சான்றிதழ் நீளத்தை 27.43-ஆல் வகுத்தால் படத்தின் உண்மையான நேரம் வந்துவிடும். 4,389 மீட்டர் என்று இருந்தால் 160 நிமிடம். இப்போது பிளேயர் காட்டும் மொத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

சான்றிதழில் 160, டிஸ்க்கில் 141 என்றால் வெட்டு விழுந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு பாட்டு, இல்லாவிட்டால் கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதி. நான் திருப்பாதிரிப்புலியூரில் ஆசையாக வாங்கிய ஒரு டிவிடியில், எந்தப் பாட்டுக்காக வாங்கினேனோ அந்தப் பாட்டே இல்லை. அட்டையில் மட்டும் அந்தப் பாட்டின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்!

டிஸ்க்கில் 153 அல்லது 154 நிமிடம் காட்டினால் அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். ஒரு காட்சிகூடக் குறையாமல் இருக்கலாம். பால் (PAL) என்ற டிவி முறைக்காகச் செய்த டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுவது. 24 ஃபிரேம் படத்தை அப்படியே 25-ல் ஓட்டிவிடுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாகும், 160 நிமிடம் 153.6 ஆகும். கண்ணுக்குத் தெரியாது, காது கண்டுபிடித்துவிடும். குரலும் பாட்டும் ஓர் அரைச்சுரத்தில் முக்கால்வாசி அளவுக்கு மேலே ஏறியிருக்கும்.

இதைச் சரிபார்க்க, அந்தப் படத்தின் பாட்டு ஒன்றைப் போனில் ஆடியோவாகப் போட்டு, டிவியிலும் அதே பல்லவியை ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ஆடியோவில் 60 நொடி எடுக்கும் பகுதி வேகம் கூடிய டிஸ்க்கில் 57.6 நொடியில் முடிந்துவிடும். முழுப் பாட்டையும் ஒப்பிடாதீர்கள், படத்துக்காகச் சரணத்தையே குறைத்திருப்பார்கள். ஒரு பல்லவி போதும்.

நான்காம் படி: மூன்று காட்சிகள்

முழுப் படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு முகம், ஒரு இருட்டு, ஒரு தண்ணீர் என்று மூன்று காட்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

முகம் நெருக்கமாக வரும் காட்சியில் நிறுத்துங்கள். தோலில் நுண்துளை, அம்மைத் தழும்பு, மீசையில் தனித்தனி முடி இதெல்லாம் தெரிய வேண்டும். பிலிமில் எடுத்த படமென்றால் மெல்லிய மணல் தூவியதுபோல் துகள்கள் அசைந்துகொண்டே இருக்கும். அதற்குப் பெயர் கிரெயின். அது அழுக்கு இல்லை, படமே அந்தத் துகள்களால் ஆனதுதான். அதை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்தால் துகளோடு தோலும் போய்விடும். மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று ஒரு முகம் மிஞ்சும். 1964-ன் கர்ணன் 2012-ல் டிஜிட்டலில் மெருகேறித் தியேட்டர்களுக்குத் திரும்பி வந்தபிறகு 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்ற சொல்லுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. இப்போது யூடியூபில் எதற்கெடுத்தாலும் அந்தப் பெயர்தான். பின்னால் நிற்கும் கூட்டத்தின் முகங்களைப் பாருங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் கோணல்மாணலாக ஏதோ இருந்தால் அது கணினி வரைந்த முகம், பிலிமிலிருந்து வந்தது இல்லை.

அப்படியே ஓரங்களையும் பாருங்கள். வானத்தை ஒட்டிய தென்னங்கீற்றைச் சுற்றி வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டதுபோல் இருந்தால், செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள்.

இருட்டுக் காட்சியில் தலைமுடியைப் பாருங்கள். முடியும் கறுப்புச் சட்டையும் இருட்டும் ஒன்றாகிக் கரிக்கட்டியாகத் தெரிந்தால் கறுப்பு நசுங்கியிருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிர்ச்சோதனை வேட்டி. வெயிலில் நிற்பவர் வேட்டியின் மடிப்பு தெரிய வேண்டும். முடி இழையும் வேட்டி மடிப்பும் ஒரே பிரிண்ட்டில் சரியாக இருந்தால் அதைச் செய்தவர் கண் உள்ளவர். நிறத்தைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: கறுத்த மனிதர் கறுப்பாகவே இருக்கிறாரா? ரோஸ் பவுடர் அப்பியதுபோல் மாற்றிய பிரிண்ட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தண்ணீர்தான் கடினமான பரீட்சை. சில்வர் பீச் அலையைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள், அலை கூழாகிப் போயிருக்கும். வீடியோவைச் சுருக்கும்போது, முந்தைய ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் சேமிக்கிறார்கள். சும்மா நின்று பேசும் காட்சியில் மாற்றம் குறைவு. அலையில், மழையில், திருவிழாவில் பூ வாரி இறைக்கும்போது எல்லாமே மாறுகிறது. தரவு போதவில்லையென்றால் அங்கேதான் சதுரம் சதுரமாக உடையும்.

இன்னொன்று: வேகமான நடன அசைவில் நிறுத்தினால் வளையல் கையின் விளிம்பு சீப்புப் பல்போல் பிரிந்து தெரிகிறதா? படத்தை ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்து ஏற்றிய பழைய முறையின் தடயம் அது. கணினியில் விஎல்சி வைத்திருந்தால் ஆங்கில 'இ' விசையை அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தலாம்.

ஐந்தாம் படி: ஒலி

அட்டையில் 5.1 (ஆறு ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனி ஒலித்தடம்) என்று போட்டிருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தமிழில் பலதட ஒலி பரவலானது 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். அதற்கு வெகு முன்பு ஒரே தடத்தில் பதிவான படத்துக்கு 5.1 என்றால் பின்னால் பிரித்ததாகவோ புதிதாகச் சேர்த்ததாகவோ இருக்கும். பின்பக்க ஸ்பீக்கரில் காதை வையுங்கள். முன்னால் வரும் அதே வசனம் அங்கே கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தால் போலி. பழைய படத்துக்குச் சுத்தமான ஒற்றைத் தடமே மேல் என்பது என் கட்சி. உதட்டசைவு ஒலியோடு பொருந்துகிறதா என்பதைக் கடைசி அரைமணி நேரத்தில் பாருங்கள், போகப் போகத்தான் விலகும்.

ஆறாம் படி: கொஞ்சம் கணக்கு

2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோதுதான் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக ஒரிஜினல் நுழைந்தது. பின்னாளில் நான் வாங்கியவற்றில், வேறு யாரோ போட்ட 'ஒரே டிஸ்க்கில் 3 படம்' தட்டுகள்தான் என்னை ஏமாற்றின. ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும்.

இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. 160 நிமிடப் படங்கள் மூன்றைத் திணித்தால் நொடிக்குக் கிடைக்கும் தரவு 2.4 மெகாபிட்கூட இல்லை, அதுவும் ஒலியையும் சேர்த்து. விசிடியிலேயே வீடியோவுக்கு 1.15 மெகாபிட் உண்டு. அதாவது, விசிடியைப்போல் இரண்டு மடங்கு தரவை வைத்துக்கொண்டு நான்கு மடங்கு புள்ளிகளை நிரப்ப வேண்டும். அலை கூழாகாமல் என்ன செய்யும்? டிவிடியில் வீடியோவுக்கு 9.8 மெகாபிட் வரையும் ப்ளூரேயில் 40 வரையும் இடம் இருக்கிறது.

கோப்பாக இருந்தால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். அளவு, ஃபிரேம் வேகம், பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பது), ஒலித்தடங்கள் எல்லாம் அதில் வந்துவிடும். எண் பெரிதாக இருந்தும் படம் மோசமாக இருந்தால் கண்ணை நம்புங்கள். பழைய டேப்பிலிருந்து எடுத்ததை ப்ளூரேயில் போட்டாலும் அது டேப்தான். புதிய படங்களிலும் 2கே (4கேயில் கால்வாசிப் புள்ளிகள்) அளவில் முடித்துவிட்டு 4கேயாகப் பெரிதாக்கியவை நிறைய உண்டு.

வாங்கும் இடத்தில்

புதுச்சேரியில் ஒரு தனிச் சிக்கல். பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த டிஸ்க்குகள் சந்தைக்கு வரும். அட்டையில் பூகோள உருண்டைக்குள் 2 என்று இருக்கும். அது மண்டல எண், அந்த மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடட்டும் என்று போட்ட பூட்டு. இந்திய டிவிடி பிளேயரின் மண்டலம் 5. ப்ளூரேயில் பிரான்ஸ் பி, நாம் சி. உங்கள் பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்குமா என்று தெரியாமல் வாங்காதீர்கள். 4கே டிஸ்க்குக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

டிஸ்க்கை விளக்கு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கீறல்களைவிட எனக்குப் பயம் ஊசித்துளைகள்தான். உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு அரித்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக ஊடுருவும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. உப்புக்காற்று ஊரில் இது சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது மஞ்சக்குப்பம் வீட்டில் கீழ்த்தட்டில் இருந்த என் டிஸ்க்குகள் நனைந்தன. தட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்துக் காயவைத்தேன். முக்கால்வாசி இன்றும் ஓடுகின்றன. ஈரம் ஊறிய அட்டைகளோடு அப்படியே மூடிவைத்தவற்றில் இரண்டே வருடத்தில் ஓரத்திலிருந்து துளை விழ ஆரம்பித்துவிட்டது.