நாலடி வழியைப் பத்தடி ஆக்கினோம்: ஐ பீம் தேர்ந்தெடுத்த கணக்கு

எங்கள் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே நாலடி வழிதான் இருந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வீட்டில் கான்கிரீட் தூண் கிடையாது. மாடித் தளம் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வழியைப் பத்தடி ஆக்க, அதன் மேலே ஐ பீம், அதாவது 'I' வடிவ இரும்பு உத்திரம், வேண்டும். "200 ஐ பீம் ஒண்ணு போட்டா போதும் சார், யானை ஏறினாலும் தாங்கும்" என்றார் மேஸ்திரி; 200 என்பது மி.மீ.-இல் பீமின் உயரம். தாங்கும்தான். நமக்கு யானையைவிட விரிசல்தான் கவலை.

1. சுமை

ஐந்தங்குலத் தளம், மேலே பதித்த தட்டு ஓடு, நடமாடும் ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 700 கிலோ என்று வைத்தேன். இருபக்க அறைகளும் பத்தடி அகலம். அதில் பாதிப் பாதி இந்தச் சுவருக்கு வரும், ஆக 3 மீட்டர்: 2.1 டன். பீமுக்கு மேலே நிற்கும் மூன்றடிச் சுவருக்கு 450 கிலோ, பீமின் எடை 50. மொத்தம், நீளத்தில் மீட்டருக்கு 2.6 டன்.

2. பீம்

பீம் தாங்க வேண்டிய தூரம், முனைகள் பதியும் இடங்களின் நடுவிலிருந்து நடு வரை, 3.2 மீட்டர். சூத்திரத்தில் போட்டால் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் வலுவைக் காட்டும் அளவு) 202 க.செ.மீ. வேண்டும். ஐ.எஸ்.எம்.பி. 200-இல் (மேஸ்திரி சொன்ன 200 ஐ பீமின் இந்தியத் தரப் பெயர்) 223 இருக்கிறது, தேறிவிட்டது. ஆனால் நடுவில் 8 மி.மீ. தொய்யும். இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 800 விதிப்படி (நீளத்தில் 360-இல் ஒரு பங்கு) 8.9 வரை போகலாம். புதுக் கட்டடத்துக்குச் சரி. இறுகிப்போன பழைய சுவருக்கு அடியில் 8 மி.மீ. இறங்கினால் பூச்சு சும்மா இருக்காது.

ஒற்றை 250 போட்டால் தொய்வு மூன்றரை மி.மீ.தான். இருந்தும் நான் வாங்கியது இரண்டு 200. இரும்பு கூடுதல், செலவும் கூடுதல். ஆனால் 250-இன் அகலம் 125 மி.மீ., சுவரோ 230. இரண்டு 200 பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுவர் முழுசாக உட்காரும், தொய்வு 4 மி.மீ. இன்னொரு வசதி: சுவரைப் பாதி ஆழம் குடைந்து ஒரு பீமை ஏற்றி இறுக்கிவிட்டு, அப்புறம் மறுபக்கம் குடையலாம். ஒரு பீம் 86 கிலோ, நாலு பேர் தூக்கிவிடுவார்கள்.

3. முனைகள்

நான் சறுக்கியது இங்கேதான். பீம் வந்து இறங்கிய பிறகு முனைக்கான குழியைக் குடைந்தால் பழைய கலவை மாவாகக் கொட்டியது. ஒவ்வொரு முனையிலும் 4.2 டன் இறங்குகிறது. எட்டு அங்குலம் மட்டும் சுவரில் பதிந்தால் சதுர செ.மீ.க்குப் பத்து கிலோவுக்கு மேல், செங்கல் நொறுங்கும். பொறியாளர் வந்து பார்த்து, 450 மி.மீ. நீளம், சுவரின் முழு அகலம், 200 மி.மீ. உயரத்துக்குக் கான்கிரீட் பெட் பிளாக் (பீமின் முனை உட்காரும் கட்டை) போடச் சொன்னார். அழுத்தம் நான்கு கிலோவாகக் குறைந்தது. கான்கிரீட் இறுகும்வரை பீம்கள் வராந்தாவில் கிடந்தன. வீட்டில் எல்லோரும் கால் இடித்துக்கொண்டோம். பெட் பிளாக்கை முதலில் போடுங்கள், பீமை அப்புறம் வாங்குங்கள்.

4. ஏற்றுவது

சுவரின் இருபுறமும் தளத்துக்கு இரும்பு ஜாக்கி முட்டு. சவுக்குக் கம்பு வேண்டாம், திருகி இறுக்க முடியாது. பீமுக்கு மேலுள்ள இடைவெளியில் சுருங்காத கிரவுட் (சிமென்ட் கலவை) அடைத்து, அது இறுகிய பிறகே முட்டுகளைக் கழற்ற வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் வீட்டில் அதே சுவருக்கு நேர் மேலே 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அது தனியாக ஒரு டன், மேலே உள்ள கணக்கில் அது இல்லை. தொட்டியை நகர்த்துங்கள், இல்லை கணக்கை முதலிலிருந்து போடுங்கள். எப்படியானாலும் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் சுவரில் உளி வைக்காதீர்கள்.