மலையகத்தில் சான்ட்விச் கடைக் கிளைகளை ஊருக்கும் சுற்றாடலுக்கும் பயன்படும்படி நடத்துவது எப்படி?

இலங்கையின் மலையகத்தில் இரண்டு மூன்று கிளைகளுடன் சான்ட்விச் உணவகம் நடத்துபவர்களுக்கும், நடத்த எண்ணியிருப்பவர்களுக்கும் இந்தச் செய்முறை எழுதப்படுகிறது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை ஆகிய மூன்று நகரங்களில் கிளைகள் இருப்பதாக வைத்துக்கொண்டு விளக்குகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை மரக்கன்று நட்டுப் படம் பிடித்துக்கொள்வது இதில் எங்கும் வராது. ஓர் உணவகம் ஊருக்கும் சுற்றாடலுக்கும் செய்யக்கூடிய நன்மையும் தீமையும் அதன் கொள்முதல் ஏட்டிலும், குப்பைத் தொட்டியிலும், சம்பளப் பட்டியலிலும்தான் இருக்கின்றன என்பது என் கருத்து. தனிக் கடைக்கு இல்லாத ஒரு பலம் கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு உண்டு: அது ஒரே பொருளை, ஏறத்தாழ ஒரே அளவில், வாரந்தவறாமல் வாங்குகிறது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்தப் பலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியவையே.

படி 1: முதலில் நிறுத்துப் பாருங்கள்

ஒரு தராசும் கோடு போட்ட கொப்பி ஒன்றும் போதும். இரண்டு வாரங்களுக்கு, ஒவ்வொரு கிளையிலும் உள்ளே வரும் பொருளையும் வெளியே போகும் குப்பையையும் நிறுத்து எழுதுங்கள். உள்ளே வரும் பொருளுக்கு எதிரே அதை வாங்கிய கடையின் பெயரை அல்ல, அது விளைந்த ஊரை எழுத வேண்டும். மூன்று கிளைகளுக்கும் வேண்டிய அனைத்தையும் கொழும்பிலுள்ள ஒரே வழங்குநரிடம் வாங்குகிற நிறுவனத்தில், வெலிமடையில் விளைந்த கரட் தம்புள்ளைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு இறங்கி, பிறகு மீண்டும் லொறியேறிப் பண்டாரவளைக்கு வரக்கூடும். நேராக வந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்திருக்கும். குப்பையை மரக்கறிக் கழிவு, பாண் துண்டுகள், சமைத்த மீதி, பொதி செய்யும் பொருட்கள் என்று நான்காகப் பிரித்து நிறுத்தால், எந்த இடத்தில் கை வைப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

படி 2: எதை உள்ளூரில் வாங்கலாம், எதை வாங்க முடியாது என்று பிரியுங்கள்

இலங்கைக்கு வேண்டிய கோதுமை இறக்குமதியாகிறது. ஆகையால் "முற்றிலும் உள்ளூர்ச் சான்ட்விச்" என்று பலகையில் எழுதுவது பொய்யாகும். அதை எழுதாதிருப்பதே நல்லது. ஆனால் பாணைச் சுடும் வேலை உள்ளூரில் நடக்கலாம். உறைய வைத்த மாவுருண்டைகளைத் தூரத்திலிருந்து ஏற்றி வருவதைவிட, அந்தந்த நகரத்துப் பேக்கரியிடம் உங்கள் அளவையும் செய்முறையையும் கொடுத்து அதிகாலையில் சுடச் செய்வது மலிவாகவும் இருக்கலாம், அந்தப் பேக்கரிக்கு நிலையான வருமானமாகவும் இருக்கும். மாவில் ஐந்தில் ஒரு பங்கு குரக்கன் மாவைச் சேர்த்துப் பார்க்கலாம். அதற்கு மேல் கூட்டினால் பாண் சரியாக எழும்பாது.

உள்ளே வைக்கும் பொருட்களில்தான் மலையகத்தின் வளம் இருக்கிறது. சலாது இலை, கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டை, வீட்டில் வளர்க்கும் காளான் ஆகியவற்றைக் கொண்டே விலைப்பட்டியலின் பெரும்பகுதியை அமைக்கலாம். காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிற ஊரில், பாணுக்குள் முட்டையும் கட்டைச் சம்பலும் வைத்துக் கொடுத்தால் அது அந்நியப் பண்டமாகத் தோன்றாது. போத்தலில் வரும் ஒலிவ் காய் இல்லாததை யாரும் கவனிக்கப் போவதில்லை.

படி 3: விவசாயிக்கு அளவையும் விலையையும் முன்கூட்டியே சொல்லுங்கள்

மொத்தச் செய்முறையிலும் அதிக நேரம் கேட்கும் படி இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுவே. கணக்கு இப்படித் தொடங்கும். ஒரு கிளையில் நாளொன்றுக்கு 120 சான்ட்விச் விற்பனையாகி, ஒவ்வொன்றிலும் 15 கிராம் சலாது இலை வைக்கப்படுமானால், நாளுக்கு 1.8 கிலோ தேவை. மூன்று கிளைகளுக்கு, வாரத்தில் ஆறு நாட்களுக்கு, ஏறத்தாழ 32 கிலோ. வெளியிலைகளும் அழுகலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கொண்டால் 40 கிலோ வாங்க வேண்டும். ஒரு செடியில் கால் கிலோ தேறினால் அது வாரத்துக்கு 160 செடி. "எங்களுக்கு நல்ல சலாது வேண்டும்" என்ற பேச்சை வைத்துக்கொண்டு எந்த விவசாயியும் பாத்தி போட முடியாது. "வாரந்தோறும் 160 செடி, ஆறு மாதங்களுக்கு" என்ற எழுத்தை வைத்துக்கொண்டு வாரம் ஒரு பாத்தியாக நாற்று நட முடியும்.

விலைக்கு ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள். விவசாயியின் செலவையும் உழைப்பையும் ஈடுகட்டும் அடிவிலை ஒன்றை இருவரும் பேசி முடிவு செய்யவேண்டும். நுவரெலியாவிலோ கெப்பெட்டிபொலவிலோ உள்ள பொருளாதார மத்திய நிலையத்தின் (மரக்கறி மொத்தச் சந்தையின்) அன்றைய விலை அதைவிடக் குறைந்தால் அடிவிலையையே கொடுக்கவேண்டும். கூடினால் இரண்டுக்கும் நடுவிலுள்ள விலையைக் கொடுக்கலாம். எடுத்துக்காட்டாக, அடிவிலை கிலோ 200 ரூபாவாகவும் சந்தை விலை 120 ரூபாவாகவும் இருக்கும்போது நீங்கள் 200 கொடுப்பீர்கள். சந்தை விலை 400 ஆகும்போது 300 கொடுப்பீர்கள். இழப்பும் ஆதாயமும் இரு பக்கமும் பங்கிடப்படுவதால், விலை ஏறிய வாரத்தில் சரக்கு வேறு பக்கம் போய்விடும் என்ற பயம் குறைகிறது. பணத்தை அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். மாதக் கணக்கில் கடன் வைத்து வாங்குவது பெரிய வழங்குநருக்குப் பழக்கமாயிருக்கலாம். கால் ஏக்கர் வைத்திருப்பவருக்கு அடுத்த விதை வாங்கும் பணமே அதுதான்.

வழங்குநர் விண்ணப்பப் படிவத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். காணி உறுதியும் வியாபாரப் பதிவும் கட்டாயம் என்று அதில் இருந்தால், லயனை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) ஒட்டிய தோட்டத்துக் காணித் துண்டில் மரக்கறி பயிரிடும் குடும்பங்கள் அப்போதே வெளியேற்றப்பட்டுவிடும். அந்தக் காணி பெரும்பாலும் அவர்கள் பெயரில் இருப்பதில்லை. பத்துக் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரே வங்கிக் கணக்கில் பணம் பெறுவதற்கு இடம் வைத்தால் இந்தத் தடை நீங்கும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும்போது, ஊவாப் பக்கம் ஒப்பீட்டளவில் காய்ந்திருக்கும். ஆண்டிறுதியில் வடகீழ் பருவமழை பதுளை, பண்டாரவளைப் பக்கத்தை நனைக்கும். மலையின் இரு பக்கத்திலும் கிளைகள் உள்ள உங்களுக்கு, இரு பக்கத்திலும் விவசாயிகள் இருந்தால், ஒரு பக்கம் இலை அழுகும் காலத்தில் மறுபக்கத்திலிருந்து வாங்கலாம்.

இயற்கை முறையில்தான் விளைவிக்க வேண்டும் என்று முதல் நாளே நிபந்தனை போடாதீர்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்ற கதையை மலையக விவசாயிகள் மறந்துவிடவில்லை. அதற்குப் பதிலாக, மருந்து அடித்த பின் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கடைப்பிடித்ததற்கான குறிப்பேட்டைக் கேளுங்கள். சரிவான காணிகளில் சமவுயரக் கோட்டு வழியே, அதாவது சரிவுக்குக் குறுக்கே, பாத்தி அமைப்பதையும் வடிகால் வெட்டுவதையும் ஊக்குவியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உதவுவது அடுத்த கட்டம்.

படி 4: பொதி செய்யும் முறையை மாற்றுங்கள்

ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் 2017 செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டவை. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, முள்ளுக்கரண்டி போன்றவற்றின் மீதான தடை 2023 ஒக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே இவற்றைத் தவிர்ப்பது சட்டத்துக்குக் கீழ்ப்படிவது மட்டுமே. அதைச் சாதனையாக விளம்பரம் செய்வது சற்றுக் கூச்சத்துக்குரியது.

கடையில் இருந்து சாப்பிடுபவருக்குப் பீங்கான் தட்டு, கண்ணாடிக் குவளை. எடுத்துச் செல்பவருக்கு வாழையிலையும் அதன் மேல் ஒற்றைக் காகிதமும். நுவரெலியாவின் குளிரில் வாழை அருமை என்பதால் கொத்மலை, கம்பளைப் பக்கத்திலிருந்து இலையை எடுக்கலாம். தணலில் இலேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. காகிதக் குவளை வாங்கும்போது கவனம் தேவை: பெரும்பாலானவற்றின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அவை உக்குவதில்லை.

ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு விடியுமுன் புறப்படுபவர்கள் காலை உணவைக் கையோடு கொண்டுபோவார்கள். பூங்காவின் நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளைச் சோதித்து அகற்றிவிடுவார்கள். மரைகள் மேயும் அந்தப் புல்வெளிக்கு உங்கள் கடையின் பெயர் பொறித்த உறை போகாதபடி, இத்தகைய முன்பதிவுகளுக்கு இலைப் பொதியை மட்டுமே கொடுங்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில் ஹட்டன் கிளைக்கும் இதே விதி பொருந்தும்.

படி 5: கழிவும் கழிவுநீரும்

பாணின் ஓரத்தை வெட்டி எறியும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெட்டியே ஆகவேண்டுமென்றால் ஓரங்களைக் காயவைத்துத் தூளாக்கி, ரோல்ஸும் கட்லட்டும் செய்பவர்களுக்கு விற்கலாம். ஒவ்வொரு நகரத்திலும் அதற்குத் தேவை உண்டு. மரக்கறிக் கழிவைக் கூட்டெருவாக்கும்போது ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை சேர்த்து, மழை படாமல் மூடி வைக்க வேண்டும். நுவரெலியாவின் குளிரில் அது தாழ்நிலத்தைவிட மெதுவாகவே உக்கும் என்பதால் தொட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். இறைச்சி, சீஸ், எண்ணெய் ஆகியவை அதற்குள் போகக்கூடாது. போனால் நாயும் பன்றியும் தேடி வரும். உக்கிய எருவைச் சலாது தரும் அதே குழுவுக்குத் திருப்பிக் கொடுக்கலாம்.

டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்து ஓடைகள் களனி கங்கைக்கும், நானுஓயா கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்கும் போகின்றன. கொழும்பு குடிக்கும் நீரின் தலைப்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறோம் என்பதை நினைவில் வைத்து, கழுவுதொட்டிக்கும் வடிகாலுக்கும் இடையில் கொழுப்பைத் தடுக்கும் தொட்டி ஒன்றைப் பொருத்துங்கள். சுடுநீர் அங்கே ஆறும்போது கொழுப்பு மேலே மிதக்கும். வாரம் ஒருமுறை அள்ளிவிட வேண்டும். பயன்படுத்திய எண்ணெயை வடிகாலில் ஊற்றக்கூடாது.

படி 6: வேலைக்கு ஆள் எடுப்பது

தோட்டத்து இளைஞர்கள் பலர் கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை தேடிப் போகிறார்கள். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில், ஒழுங்கான வேலை கொடுப்பதைவிடப் பெரிய சமூக உதவி ஓர் உணவகத்துக்கு இல்லை என்பேன். ஒழுங்கான வேலை என்றால் என்ன என்பதில் மழுப்பலுக்கு இடமில்லை: எழுத்தில் நியமனக் கடிதம், அதுவும் அவருக்கு விளங்கும் மொழியில், ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் உங்களின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்களின் 3 சதவீதம், 16 வயதுக்குக் குறைந்த எவரும் வேலையில் இல்லை. வேலை நேரத்தைத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பார்த்து வகுக்க வேண்டும். பஸ் போன பிறகு கடை மூடினால், முச்சக்கரவண்டிச் செலவில் பாதிச் சம்பளம் கரைந்துவிடும். பெண் பிள்ளைகளை வீட்டார் அனுப்பவும் மாட்டார்கள். காசாளர், கிளை முகாமையாளர் பதவிகளுக்கும் ஊரிலிருந்தே ஆளைப் பயிற்றுவியுங்கள். விலைப்பட்டியல் மூன்று மொழியிலும் இருக்கட்டும்.

படி 7: மீதி உணவும் அனர்த்தக் காலச் சமையலும்

விற்காத சான்ட்விச்சை லயன்களுக்கு இலவசமாக அனுப்பலாமே என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீந்ததைச் சாப்பிடுபவர்கள் என்று ஒரு மக்களை நினைக்கப் பழகுவது நல்லதன்று. மூடுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் பாதி விலை என்று எழுதி வைத்தால் யாரும் கூசாமல் வாங்குவார்கள். முட்டை, இறைச்சி, சீஸ் உள்ளவை 5 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிரில் இருந்தவையாக இருக்க வேண்டும்; வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

இலவச உணவு மெய்யாகவே வேண்டியிருக்கும் நேரம் வேறு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தின் பல வீதிகள் அடைபட்டன. அப்படிப்பட்ட நாளில் நகரத்துக்குள்ளேயே அடுப்பும் பாணும் ஆட்களும் உள்ள சமையலறை நீங்கள்தான். ஒவ்வொரு கிளையும் பிரதேச செயலகத்திடமும் கிராம அலுவலரிடமும் முன்னதாகவே பேசி, எத்தனை பேருக்கு எத்தனை நாள் சமைக்க முடியும், யார் பொறுப்பு, எந்தப் பாடசாலையில் அல்லது கோயிலில் ஒப்படைப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு நாளுக்கான மா, பருப்பு, எரிவாயு ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது கிளை முகாமையாளரின் அன்றாடக் கடமைகளில் ஒன்றாகட்டும்.

படி 8: கணக்கைக் காட்டுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதற்படியில் செய்ததுபோல மீண்டும் இரண்டு வாரம் நிறுத்துப் பாருங்கள். நான்கு எண்கள் போதும்: மலையகத்தில் விளைந்த பொருளுக்குச் செலவிட்ட பணம் மொத்தக் கொள்முதலில் எத்தனை சதவீதம், நூறு சான்ட்விச்சுக்கு எத்தனை கிலோ குப்பை, விவசாயிக்குப் பணம் போய்ச் சேர எடுத்த நாட்கள், பஸ்ஸில் போய்வரும் தூரத்திலிருந்து வரும் ஊழியர்களின் எண்ணிக்கை. இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கடைச் சுவரில் ஒரு பிரதியை ஒட்டுங்கள். இன்னொரு பிரதியை மரக்கறி தரும் குழுக்களுக்குக் கொடுத்து, மூன்றாவது எண் உண்மைதானா என்று அவர்களிடமே கேளுங்கள்.