கொலுசுப் பட்டறையில் ஆப்பைச் சோதிப்பது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றியுள்ள கொலுசுப் பட்டறைகளுக்காகக் கணக்கு எழுதும் ஆப் ஒன்றின் திரைகளை நான் வடிவமைக்கிறேன். காலையில் எவ்வளவு வெள்ளி வந்தது, எவ்வளவு எடைக்குக் கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நோட்டில் எழுதுவதையெல்லாம் இனி போனில் எழுத வேண்டும். இதுபோல ஏதாவது செய்கிறவர்கள், அதைப் புழங்கப்போகிறவர் கையில் கொடுத்துப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். ஒரு நாள் ஒதுக்கினால் போதும். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஆட்கள். ஐந்து பேர் போதும். கணினியை ஆட்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு இது: ஒருவர் சராசரியாக 31 சதவீதக் கோளாறுகளைக் காட்டிக்கொடுத்தால், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். ஆனால் ஐவரும் ஒரே மாதிரி வேலை பார்க்கிறவர்களாக இருக்க வேண்டும். பட்டறை நடத்துகிறவர் வேறு, பற்றவைக்கிறவர் வேறு. இரண்டு தரப்பும் புழங்கும் ஆப் என்றால் தரப்புக்கு மூன்று நான்கு பேரைப் பாருங்கள். தீபாவளி, பொங்கல் ஆர்டர் நேரத்தில் போய்விடாதீர்கள்.

முதலாளியிடம் அனுமதி கேட்கும்போதே, சோதனை நடக்கையில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நின்றால் ‘நல்லா இருக்குங்க’ என்ற ஒரே பதில்தான் வரும். வெள்ளி இருக்கும் இடம் என்பதால் கேமரா என்றாலே தயங்குவார்கள். முகமும் அறையும் வேண்டாம், திரையும் விரலும் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு, எடுத்ததை அங்கேயே போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், செய்யச் சொல்லும் வேலை. திரையில் உள்ள சொல் உங்கள் வாயில் வரக்கூடாது. ‘வரவைப் பதிவு செய்யுங்க’ என்றால் அவர் ‘வரவு’ என்ற பட்டனைத் தேடி அழுத்திவிடுவார். அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. நான் இப்படிச் சொல்வேன்: “அண்ணா, இன்னைக்குக் காலையில 500 கிராம் வெள்ளி வந்திருக்குன்னு வச்சுக்குங்க. நோட்டுக்குப் பதிலா இதுல எழுதுங்க.” அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் தடுமாறும்போது நம் கை தானாகவே திரைப் பக்கம் போகும். நான் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது 1982-இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் கிளேட்டன் லூயிஸ் எழுதிவைத்த முறை. நம் பட்டறைகளில் தனியாகப் பேசிக்கொள்ளச் சொன்னால் கூச்சப்பட்டு அமைதியாகிவிடுகிறார்கள். அதனால் பழகிய இருவரைச் சேர்த்து உட்கார வைக்கிறேன். “இதென்னடா நிலுவைன்னு போட்டிருக்கு, கூலி பாக்கியா?” என்று ஒருவர் கேட்க, “இல்ல மாமா, வெள்ளி பாக்கியா இருக்கும்” என்று மற்றவர் சொல்ல, அந்த ஒரு சொல்லில் என்ன பிழை என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் நோட்டில் இரண்டும் தனித்தனிப் பக்கம். நாங்கள் ஒரே சொல்லில் அடைத்திருந்தோம்.

கைகளைப் பாருங்கள். பற்றவைக்கும் வேலையில் முப்பது வருடமாக இருக்கும் ஒரு பெரியவர் கட்டை விரலால் மூன்று முறை அழுத்தினார், போன் அசையவில்லை. காய்த்துப்போன தோலைத் திரை உணரவில்லை. விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அதற்கும் மசியவில்லை. பிறகு மோதிர விரலைச் சாய்த்து, அதன் பக்கவாட்டால் தொட்டார். விரலின் அந்த அகலமான பாகம் ‘சேமி’யோடு ஒட்டியிருந்த ‘நீக்கு’வின் மேல் விழுந்தது. காலையில் எழுதிய வரவு போய்விட்டது. “என் மேலதான் தப்பு கண்ணு” என்றார். இந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் அப்படியே எழுதி, கீழே கோடு போட்டுவிடுங்கள். தொடும் இடம் குறைந்தது 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது கூகுள். எங்கள் பட்டன் அந்த அளவில்தான் இருந்தது. இடைவெளியைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

ஏற்காட்டுக் காபித் தோட்டம் போன்ற இடத்துக்குச் செய்கிறீர்கள் என்றால், மலையேறிப் போய் சிக்னல் கிடைக்காத சரிவில் நின்று ஒரு முறையாவது பாருங்கள். சேலத்தில் அலுவலக வைஃபையில் பார்த்தது அங்கே செல்லாது.

முடிந்ததும் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். போன் பையில் இருக்கட்டும். நல்ல தகவல்கள் பல அப்போதுதான் வருகின்றன.

குறிப்புகளை அன்றே பிரித்துவிடுங்கள். மறுநாளானால் யார் எதில் நின்றார்கள் என்பது கலந்துவிடும். வேலையை முடிக்கவே முடியாதவை ஒரு பக்கம், திணறி முடித்தவை இன்னொரு பக்கம். நிறம் பிடிக்கவில்லை போன்றவை கடைசியில். முதல் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு மறுபடி போங்கள்.

நான் இரண்டு வாரத்தில் போனேன். ‘நீக்கு’ இப்போது திரையின் மேல் மூலையில், அழுத்தினால் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் அழிக்கும். ‘வெள்ளி பாக்கி’, ‘கூலி பாக்கி’ என்று இரண்டு வரி. பெரியவர் மோதிர விரலால் வரவை எழுதிச் சேமித்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சரி கண்ணு, கொலுசு எத்தனை இன்ச்சுன்னு எழுத இடம் எங்க?”