அணைத்த பிறகும் ஓடும் மீட்டர்: காத்திருப்பு மின்செலவைக் கண்டறிந்து குறைக்கும் முறை

ரிமோட்டில் டிவியை அணைத்தால் திரை இருண்டுவிடுகிறதே தவிர, கருவி முழுமையாக அணைவதில்லை. ரிமோட்டிலிருந்து அடுத்த கட்டளை வருகிறதா என்று கவனிப்பதற்காக அதன் உள்ளே ஒரு பகுதி இயங்கிக்கொண்டே இருக்கிறது. செட்டாப் பாக்ஸ், மைக்ரோவேவ் அவன், ஏசி, கணினி, பிரிண்டர் எனப் பல கருவிகளும் இவ்வாறே பயன்பாட்டில் இல்லாத நேரத்திலும் சிறிதளவு மின்சாரம் எடுக்கின்றன. இதையே ஸ்டாண்ட்பை அல்லது காத்திருப்பு மின்செலவு என்கிறோம்.

சிறிதளவு என்பதால் இதைப் புறக்கணித்துவிடத் தோன்றும். ஆனால் ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. ஆகவே 1 வாட் மட்டுமே எடுக்கும் கருவி ஆண்டு முழுவதும் இணைப்பில் இருந்தால் 8.76 யூனிட் செலவாகும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கருவி காத்திருப்பில் எத்தனை வாட் எடுக்கிறதோ அதை 8.76 ஆல் பெருக்கினால் ஆண்டுச் செலவு யூனிட்டில் கிடைக்கும். அதை உங்கள் மின்கட்டண ரசீதில் உள்ள ஒரு யூனிட் விலையால் பெருக்கினால் பணக்கணக்கும் கைக்கு வந்துவிடும். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும் கட்டண முறையாக இருந்தால், நீங்கள் இப்போது எந்தப் படிநிலையில் இருக்கிறீர்களோ அந்த விலையையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சேமிக்கப்படும் யூனிட்டுகள் அந்த உச்சியிலிருந்துதான் கழியும்.

எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துக்கொண்டு வீடு முழுவதும் அலைய வேண்டும் என்பது இதன் பொருளன்று. பெரும்பாலான வீடுகளில் நான்கைந்து கருவிகள்தான் இந்தச் செலவின் பெரும்பகுதிக்குக் காரணமாக இருக்கும் என்பதால், அளந்து அவற்றைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

படி 1: வீட்டின் மொத்தக் காத்திருப்பு மின்செலவை அளத்தல்

இதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. மின்னணு மீட்டரே போதும். மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுங்குவதைப் பார்க்கலாம். அதன் அருகிலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை அது மினுங்கும் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அது 1000, 1600, 3200 என மீட்டருக்கு மீட்டர் மாறும்.

இரவில் படுக்கப் போகும் முன் எல்லாவற்றையும் எப்படி விட்டுவைப்பீர்களோ அப்படியே விட்டுவையுங்கள். மின்விளக்குகள், மின்விசிறிகள், தண்ணீர் சூடாக்கும் கருவி ஆகியவற்றை மட்டும் அணைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் இடையிடையே ஓடிக் கணக்கைக் குழப்பும் என்பதால் அதையும் அரை மணி நேரம் நிறுத்தலாம். கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே உள்ள பொருட்களுக்குக் கேடு வராது. அளந்து முடித்ததும் அதை மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள்.

இப்போது கைப்பேசியில் உள்ள நிறுத்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மீட்டர் முன் நில்லுங்கள். ஒரு மினுங்கலில் கடிகாரத்தைத் தொடங்கி, அதற்குப் பிறகு பத்தாவது மினுங்கலில் நிறுத்தி, கிடைத்த நொடிகளைப் பத்தால் வகுத்தால் சராசரி இடைவெளி தெரியும். பிறகு 36,00,000 என்ற எண்ணை முதலில் மீட்டரில் அச்சிட்ட எண்ணாலும், அடுத்து இந்த இடைவெளியாலும் வகுக்க வேண்டும்; விடை வாட்டில் வரும். எடுத்துக்காட்டாக, 3200 என்று அச்சிட்ட மீட்டரில் பத்து மினுங்கலுக்கு 300 நொடிகள் ஆயின என்று கொள்வோம். இடைவெளி 30 நொடி. 36,00,000 ஐ 3200 ஆல் வகுத்தால் 1125, அதை 30 ஆல் வகுத்தால் 37.5 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்திலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 328 யூனிட் என்ற வேகத்தில் மீட்டர் ஓடுகிறது என்று இதற்குப் பொருள். இந்த எண்ணைத் தேதியுடன் குறித்துவையுங்கள்.

படி 2: எந்தக் கருவி என்று கண்டுபிடித்தல்

மீட்டர் எதிரே ஒருவர் நிற்க, மற்றவர் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிவந்தால், எதைக் கழற்றும்போது மினுங்கல் மெதுவாகிறது என்பது தெரிந்துவிடும். மின்பலகையில் அறைக்கு ஒரு எம்சிபி (சுமை மிகுந்தால் தானாக இறங்கி மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) இருந்தால், முதலில் அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி எந்த அறை என்று கண்டுகொண்டு, பிறகு அந்த அறைக்குள் மட்டும் தேடலாம். எம்சிபியை ஏற்றி இறக்கும் பிடியைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. பலகையின் மூடியைத் திறப்பதும் மீட்டரின் முத்திரையில் கை வைப்பதும் கூடாது.

பிளக்குக்கும் கருவிக்கும் இடையே செருகும் சிறிய வாட் மீட்டர் கிடைத்தால் இந்த வேலை இன்னும் எளிதாகும். ஆனால் விலை குறைந்த வாட் மீட்டர்கள் 1 வாட்டுக்குக் கீழே சரியாகக் காட்டுவதில்லை, அங்கே 0.4 என்று வந்தாலும் 0.8 என்று வந்தாலும் அதைக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த கருவிக்குப் போய்விடலாம்.

படி 3: எதைக் கவனிப்பது, எதை விட்டுவிடுவது

கைப்பேசி சார்ஜர் மீது எல்லோருக்கும் ஒரு கண் இருக்கிறது. அது பெரும்பாலும் வீண்பழி என்றே சொல்வேன். கைப்பேசி மாட்டப்படாத புதிய சார்ஜர் எடுப்பது ஒரு வாட்டில் மிகச் சிறிய பகுதிதான். கையில் கனமாக இருந்து, எதுவும் இணைக்காதபோதும் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பழைய வகை அடாப்டர்களே கவனிக்க வேண்டியவை. அந்தச் சூடு உங்கள் பணத்தில் வந்த சூடு.

முதலில் பார்க்க வேண்டியது செட்டாப் பாக்ஸ். பழைய பெட்டிகள் பலவற்றில் ரிமோட் பொத்தானை அழுத்தினால் படமும் முகப்பு விளக்கும்தான் அணைகின்றன. உள்ளே இருக்கும் சுற்றுகள் முன்பு எடுத்த அளவுக்கு ஏறக்குறைய இணையாகவே மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். 12 வாட் எடுக்கும் பெட்டி ஆண்டு முழுவதும் இணைப்பில் இருந்தால் 105 யூனிட் ஆகிவிடுகிறது. சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் மறுபடி தொடங்கச் சில நிமிடங்கள் ஆகலாம் என்பதாலேயே பலரும் அதைச் செய்வதில்லை. இரவில் ஒருமுறை அணைத்துக் காலையில் போட்டால் அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டாக இருக்காது. இரவில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வைத்திருப்பவர்கள் மட்டும் அந்த நாட்களில் விட்டுவிட வேண்டும்.

விளையாட்டுக் கன்சோல்களிலும் ஸ்மார்ட் டிவிகளிலும் உடனடித் தொடக்கம், விரைவுத் தொடக்கம் என்ற பெயர்களில் ஓர் அமைப்பு இருக்கும். அதை நிறுத்திவிட்டால் கருவி திறக்கச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். பதிலுக்குக் காத்திருப்பு மின்செலவு வெகுவாகக் குறையும். செலவே இல்லாத இந்த மாற்றத்தை இன்றே செய்துவிடலாம்.

மைக்ரோவேவ் அவனின் கடிகாரத்தையும் சொல்ல வேண்டும். 1200 வாட் எடுக்கும் அவனை நாளுக்கு மூன்று நிமிடம் மட்டும் பயன்படுத்தும் வீட்டில் சூடாக்குவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 22 யூனிட் ஆகும். அதே அவன் காத்திருப்பில் 3 வாட் எடுத்தால் அதற்கு 26 யூனிட் ஆகும். சமையலறைச் சுவரில் வேறு கடிகாரம் இருக்கும்போது இது தேவையற்ற செலவு.

படி 4: அணைப்பதை எளிதாக்குதல்

டிவி, செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் ஆகியவற்றை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைத்து, அதன் சுவிட்சைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். சோபாவுக்குப் பின்னால் குனிந்து தேட வேண்டிய சுவிட்சை இரண்டாம் வாரத்திலிருந்து யாரும் தொடமாட்டார்கள். கணினி, மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர் ஆகியவற்றுக்கும் இப்படியே ஒரு பெட்டி போதும். ஹீட்டர், ஏசி போன்ற அதிகச் சுமையுள்ள கருவிகளை இதில் இணைக்கக் கூடாது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மின்சாரம் எடுப்பதும் ஆபத்து.

நேரம் வைத்து அணைக்கும் ஸ்மார்ட் பிளக்குகள் வசதியானவை. ஆனால் அவையும் வைஃபை இணைப்புக்காகச் சிறிது மின்சாரம் எடுப்பதால், அரை வாட் எடுக்கும் டிவிக்கு அதைவிடக் கூடுதலாக எடுக்கும் பிளக்கை மாட்டினால் நட்டமே மிஞ்சும்.

படி 5: அப்படியே இழுத்து அணைக்கக் கூடாதவை

இங்க்ஜெட் பிரிண்டரை முதலில் அதன் சொந்தப் பொத்தானில் அணையுங்கள். அப்போதுதான் அச்சுமுனை உரிய இடத்தில் போய் மூடிக்கொள்ளும், மை உலராது. ஓஎல்இடி டிவிகள் நெடுநேரம் ஓடிய பிறகு காத்திருப்பு நிலையில்தான் திரையைச் சீர்செய்துகொள்கின்றன என்பதால், அவற்றை அணைத்த உடனே சுவிட்சை நிறுத்தாமல் சிறிது நேரம் விட வேண்டும். ஏசியை ரிமோட்டில் நிறுத்தி, உள்ளே மின்விசிறி நின்று மடல் மூடிய பிறகே சுவிட்சை அணையுங்கள். கம்ப்ரசரின் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் வகை என்றால் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டி (அளக்கும் அந்த அரை மணி நேரம் தவிர), மருத்துவக் கருவிகள், பாதுகாப்பு எச்சரிக்கை அமைப்புகள் ஆகியவை எப்போதும் இணைப்பிலேயே இருக்கட்டும். ரவுட்டரை இரவில் நிறுத்துவது வீட்டின் தேவையைப் பொறுத்தது. கேமராவோ இணையவழித் தொலைபேசியோ அதை நம்பியிருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 6: மீண்டும் அளத்தல்

மாற்றங்களைச் செய்த பிறகு படி 1 இல் செய்ததை அப்படியே மறுபடி செய்யுங்கள். 37.5 வாட் 12 வாட்டாக இறங்கியிருந்தால், ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும் கருவிகளைப் பொறுத்தவரை ஏறத்தாழ 223 யூனிட் மிச்சம். இரவில் மட்டும் அணைப்பவற்றுக்கு அணைத்திருக்கும் மணி நேரத்துக்கு ஏற்ப இதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

புதிய கருவி வாங்கும்போது கையேட்டின் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் காத்திருப்பு நிலை மின்செலவு என்ற வரியைத் தேடிப் பாருங்கள். சர்வதேச எரிசக்தி முகமை 1999 இல் கருவிகளின் காத்திருப்பு மின்செலவை 1 வாட்டாகக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்கு அரை வாட்டும், தகவல் காட்டும் திரை உள்ளவற்றுக்கு 1 வாட்டும் வரம்பாக வைத்தது. இணைய இணைப்போடு காத்திருக்கும் நிலைக்குத் தனியாகத் தளர்வான வரம்பு இருப்பதால், கையேட்டில் அந்த வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு விரைவுத் தொடக்கம் தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்குவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பெரிய புதுப்பிப்புக்குப் பின்னும் டிவி, கன்சோல் அமைப்புகளை ஒருமுறை திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.